பால் ஏறாத அடுப்பு

நம் அடுக்களையில், அம்மிக்குப் பக்கத்தில், ஒரு பித்தளை டம்ளரும் டபராவும் கழுவாமல் கிடக்கின்றன. அவை நம்முடையவை அல்ல. காலையில் எழுந்ததும் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஆறிப்போன பால் காப்பியின் வாசம். இந்த வீட்டுக்குள் அந்த வாசம் நுழைந்ததே நேற்றுதான். உங்கள் வருஷப் படையலுக்கு, உங்களுக்கென்று வந்தது.

இதைப் பற்றி உங்களிடம் பேசியாக வேண்டும். உயிரோடு இருந்தபோது நான் வாயெடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவீர்கள். இப்போது கிளம்ப வழியில்லை. உட்கார்ந்து கேளுங்கள். செத்தவர்களைத் திட்டக்கூடாது என்று என் அம்மா சொல்லுவாள். அம்மாவுக்கு நீங்கள் செய்ததையும் சேர்த்துத்தான் திட்டப் போகிறேன்.

கலியாணமான புதிதில் ஜவளகிரியில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த வாரம்தான் அவர்கள் வீட்டுச் செவலைப் பசுவின் கன்று செத்திருந்தது. கன்றில்லாமல் பசு பால் விடாதென்று, செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்துத் தைத்து அதன் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். எல்லா ஊரிலும் செய்கிறதுதான். பசு அந்தத் தோலை நக்கி நக்கிக் கொடுத்துக்கொண்டே பாலைச் சுரந்தது. நீங்கள் காப்பி டம்ளரோடு கொட்டகை வாசலில் நின்று பார்த்தீர்கள். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். அழுதுகொண்டிருந்தீர்கள். "கன்னுக்குட்டி வாயிலருந்து புடுங்கித் திங்கற சோறு எனக்கு வேணாம்" என்றீர்கள். இனிமேல் பால், தயிர், மோர், நெய் எதையும் தொடுவதில்லை என்றீர்கள். கறியை அதற்கு முன்பே விட்டிருந்தீர்கள். அன்று உங்களை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இப்படி மனசுள்ள ஆளுக்கா என்னைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது.

நீங்கள் மட்டும் தொடமாட்டீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். மத்திகிரியில் நம் வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே என்னையும் சேர்த்துச் சட்டம் போட்டுவிட்டீர்கள். வீட்டுக்குள் பால் வரக்கூடாது. அடுப்பில் பால் ஏறக்கூடாது. நான் கிருஷ்ணகிரிப் பக்கம் எருமை கட்டிய வீட்டில் பிறந்தவள். தயிரில்லாமல் எனக்கு ஒருவேளைச் சோறு இறங்கியதில்லை. அது உங்களுக்கும் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா ஊற்றிய தயிரை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஆள்தானே நீங்கள்.

காப்பியாவது குடிக்கலாமா என்று கேட்டேன். அதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருந்தீர்கள். "பால் ஊத்தாத காப்பி கசாயம், பால் ஊத்தின காப்பி பாவம்" என்றீர்கள். அந்த வாக்கியம் உங்களுக்கு மிகவும் பிடித்துப்போய், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தீர்கள். நான் சுக்கையும் மல்லியையும் தட்டிப்போட்டு வெல்லத்தண்ணீர் காய்ச்சினேன். அதற்குக் காப்பி என்று பெயர் வைத்துக் குடித்தோம்.

உங்கள் உத்தியோகமோ மாட்டுப் பண்ணையில் கணக்கெழுதுகிற ரைட்டர். கறக்கும் நேரத்தில் காற்று இந்தப் பக்கம் அடித்தால் தெருவே பால் மணக்கும். அந்த மணத்தை மூக்கில் வாங்கிக்கொண்டு நான் ஆட்டுக்கல்லில் தேங்காய் ஆட்டுவேன். கூட வேலை பார்த்தவர்கள் முதலில் உங்களைக் கேலி செய்தார்கள், அப்புறம் மரியாதை கொடுத்தார்கள். பால் தொடாத ரைட்டர் என்றால் ஓசூர் வரைக்கும் தெரிந்தது. பிள்ளைக்குப் பெயர் வைக்க, நல்ல காரியத்துக்கு நாள் பார்க்க என்று ஆட்கள் தேடி வந்தார்கள். விரதம் உங்களுடையது, அதற்கான வேலை முழுக்க என்னுடையது. ஒருநாள்கூட நீங்கள் அடுப்பு மூட்டியதில்லை.

நம் வீட்டு முதல் பொங்கல் நினைவிருக்கிறதா? வாசலில் பானை வைத்தாகிவிட்டது. பாலில்லாமல் பானை எப்படிப் பொங்கும் என்று நான் கேட்டதற்கு, தேங்காய்ப்பாலை ஊற்று என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். எனக்கு அப்போது கைப்பழக்கம் கிடையாது. முதல் பிழிவுக் கெட்டிப்பாலை அப்படியே கொதிக்கவிட்டேன். அது திரிந்து, எண்ணெய் ஒருபக்கம் திப்பி ஒருபக்கமாகப் பிரிந்து நின்றது. எதிர்வீட்டுப் பானைகள் நுரைத்து வழிந்தன. அவர்கள் கூவினார்கள். நம் வாசலில் சத்தமே இல்லை. பொங்காத பானை குடும்பத்துக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா அவர்கள் பாஷையில் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டது. நீங்கள் என்னைப் பார்த்து, கொஞ்சம் பக்குவமாகச் செய்யக் கூடாதா என்றீர்கள்.

மறுவருஷத்துக்குள் நானே கண்டுபிடித்தேன். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைக் கெட்டியாக ஊற்றி விறகைத் தள்ளினால் பால் தோற்றுப்போகும், அப்படிப் பொங்கும். தேங்காய்ப்பால் இறக்கும்போது ஊற்றினால் போதும். அந்த வருஷம் தெருவிலேயே நம் பானைதான் முதலில் வழிந்தது. பார்த்தவர்களிடம் நீங்கள் சொன்னது என்ன? வைராக்கியம் இருந்தால் தண்ணீரும் பொங்கும் என்றீர்கள். பொங்கியது என் கழுநீர். உங்கள் வைராக்கியம் வாசலில் வேட்டி மடித்துக்கட்டி நின்றுகொண்டிருந்தது.

உங்கள் மேலதிகாரி நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளும் அப்படித்தான். யுகாதி சமயம். கடலைப்பருப்புப் பூரணம் வைத்து ஒப்பட்டு போட்டேன். ஒப்பட்டை நெய்யில்லாமல் இலையில் வைப்பது நம் பக்கத்தில் அவமானம். பூரணத்தில் எள்ளை வறுத்துப் பொடித்துச் சேர்த்து, நல்லெண்ணெய் தொட்டுத் தட்டி, சூட்டோடு மேலே ஏலக்காய் போட்ட தேங்காய்ப்பாலை ஊற்றினேன். வெயிலுக்கு மோருக்குப் பதிலாக நிலக்கடலையை ஊறவைத்து ஆட்டி வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, கறிவேப்பிலை கசக்கிப்போட்டுக் கொடுத்தேன். அந்த மனுஷன் கையை நக்கிக்கொண்டு, நெய்யில்லாமல் எப்படி இவ்வளவு ருசி என்று கேட்டார். அடுக்களை வாசலில் நின்ற என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது நீங்கள். "எல்லாம் நாக்குக் கட்டுப்பாடு சார்." நான் உள்ளே போய்விட்டேன்.

விசேஷங்களுக்குச் சமைப்பதாவது பரவாயில்லை, நாள் முன்பே தெரியும். உங்கள் மனசுக்குச் சமைப்பதுதான் பெரிய பாடு. நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவு செய்வேன். மெதுவாகக் கழற்றினால் கீரைக் கடைசல் போதும். உதறிக் கழற்றினால் ஆபீசில் சண்டை. அன்றைக்குக் களியும் உப்புச்சாறும். காய்ந்த மிளகாயைக் கூட இரண்டு கிள்ளிப்போட்டால் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வந்து உங்களால் பேச முடியாது, வீடு அமைதியாக இருக்கும். உடம்பு சோர்ந்து வந்தால் கேழ்வரகை ஊறவைத்துப் பிழிந்த பாலில் கஞ்சி. மழை பிடித்தால் கொள்ளுச் சாறு. காரணமே இல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவாரம் பேசாமல் இருப்பீர்களே, அதற்கு அடுப்பே தேவைப்படாத பச்சைப்புளி ரசம். புளியைக் கரைத்து வெங்காயத்தையும் மிளகாயையும் நசுக்கிப்போட்டு வைத்துவிடுவேன். பேசாத ஆளுக்குக் கொதிக்காத ரசம் போதும் என்று என் கணக்கு.

எனக்கு மனசு சரியில்லாத நாளில் என்ன சமைப்பது என்று மட்டும் நான் யோசித்ததில்லை. இந்த வீட்டில் மனசு என்று ஒன்று உங்களுக்குத்தான் இருந்தது.

சந்தை நாளுக்கு வருகிறேன். ஓசூர்ச் சந்தைக்கு நீங்கள்தான் போவீர்கள். தேங்காய் பொறுக்கி வாங்க எனக்குத் தெரியாதாம். மத்தியானம் பை நிறையத் தேங்காயோடு திரும்புவீர்கள். அந்த ஒருநாள் செருப்பு சத்தமே கேட்காது. முகம் தெளிந்திருக்கும். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவீர்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். வாயில் கிராம்பு மணக்கும். கேட்டதற்குப் பல் கூச்சம் என்றீர்கள்.

பல் கூச்சக்காரருக்குக் கடிக்கிற பதார்த்தம் ஆகாது அல்லவா? அதனால் சந்தை நாளுக்கென்று பிதுக்குப் பருப்புக் குழம்பை ஒதுக்கி வைத்தேன். அவரைக்கொட்டையை முந்தின நாளே ஊறப்போட்டு, ஒவ்வொரு கொட்டையாக விரலிடுக்கில் வைத்துப் பிதுக்கித் தோலெடுக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டால் நகக்கண் எல்லாம் வெடித்துப்போகும். தோலில்லாத பருப்பு வாயில் வைத்தால் கரையும். களியைக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் கிண்டி, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றி வைப்பேன். நீங்கள் சிரித்த முகத்தோடு சாப்பிடுவீர்கள். உங்கள் சிரிப்புக்குக் காரணம் அந்தக் குழம்பு என்று நம்பினேன். கையெரிச்சல் வீண்போகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தயிர்ச் சட்டியைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். நம் மகள் வயிற்றில் இருந்த மாசம் அது. எனக்கு எதைத் தின்றாலும் குமட்டியது. தயிர்ச்சோறு மட்டும் கனவில் வந்தது. வெட்கத்தைவிட்டு உங்களிடம் கேட்டேன். மசக்கைக்காரி நாக்கு ஆயிரம் கேட்கும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். யார் மூலமோ என் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எருமைத் தயிரை மண்சட்டியில் உறையவைத்து, வாயைத் துணியால் கட்டி, கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வாசற்படியில் நீங்கள் நின்றீர்கள்.

நீங்கள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "அத்த, நீங்க உள்ள வாங்க. சட்டி வெளிய இருக்கட்டும்" என்றீர்கள், பெரிய மரியாதையோடு. அம்மா என்னைப் பார்த்தாள். நான் உங்களைப் பார்த்தேன். "புள்ளத்தாச்சி கேட்டுச்சுங்களே மாப்ள" என்றாள். "கன்னுக்குட்டியும் கேட்டிருக்கும்" என்றீர்கள். தெருவில் இரண்டு பேர் அந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அம்மா உள்ளே வரவில்லை. சட்டியை மறுபடியும் இடுப்பில் வைத்துக்கொண்டு, அதே பஸ்ஸுக்கு நடந்து போனாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் கை நனைத்ததில்லை. நீங்கள் செத்தபோதுகூட வந்து வாசலில் நின்று அழுதுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

போன மார்கழியில் ஒரு விடியலில் மார் வலிக்கிறது என்றீர்கள். வெந்நீர் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. ஊர் திரண்டு வந்து அழுதது. நானும் அழுதேன். எவ்வளவு கோபமிருந்தாலும் கூட இருந்த ஆள் இல்லாமல்போனால் அழுகை வரத்தான் செய்கிறது.

இந்த ஒரு வருஷமும் நான் அடுப்பில் பால் ஏற்றவில்லை. யாரும் தடுக்கவில்லை. ஏன் ஏற்றவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நேற்று உங்கள் அண்ணனும் அக்காவும் ஜவளகிரியிலிருந்து வந்தார்கள். அக்கா கையில் ஒரு தூக்கு நிறைய நெய். அவர்கள் வீட்டுப் பசு வெண்ணெயை உருக்கியது. உங்கள் இலையில் அதை ஊற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். "செத்தவங்களுக்கு ஏது விரதம்? நம்ம வழக்கத்துல நெய்யில்லாம படையல் இல்ல" என்றாள். உங்கள் அண்ணனுக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் தம்பியின் பேர் கெட்டுவிடுமோ என்று தயங்கினார். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீ என்னம்மா சொல்ற?" என்றார் உங்கள் அண்ணன். இந்த வீட்டில் என்ன பரிமாறுவது என்று ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

நெய் இருக்கட்டும், பரிமாறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். உண்மையில் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். ஊற்றத்தான் போகிறேன். ஒரு சொட்டு இல்லை, குழிக்கரண்டி நிறைய. உங்கள் களி நனைய, ஒப்பட்டு மிதக்க, இலை வழிய ஊற்றுவேன். எழுந்து வந்து தடுங்கள் பார்ப்போம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அம்மாவின் சட்டியை வாசலில் நிறுத்தினீர்கள், உங்கள் அண்ணன் வீட்டுத் தூக்கை இலைவரைக்கும் கொண்டுவருகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

சமையலில் குறை வைக்கவில்லை. உங்களுக்குச் சந்தோஷமான நாள் எதுவோ அதற்கான சமையலைத்தான் செய்தேன். முந்தின நாளே அவரைக்கொட்டை பிதுக்கினேன். மகளும் உட்கார்ந்து பிதுக்கினாள். களி, பிதுக்குப் பருப்புக் குழம்பு, ஒப்பட்டு, எள்ளுருண்டை, தேங்காய்ப்பால் பாயசம் எல்லாம் ஆயிற்று. விளக்கின் முன்னால் இலை போட்டு, புது வேட்டி வைத்து, பண்டமெல்லாம் பரிமாறினேன். உங்கள் பண்ணை ஆட்களும் அக்கம்பக்கத்தாரும் கூடம் நிறைய நின்றார்கள். கரண்டியில் நெய்யை அள்ளிவிட்டேன். இலைக்கு மேலே கொண்டுபோனேன். அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

வயசானவர். நெற்றியில் சந்தனம். கையில் ஈரத்துண்டு சுற்றிய கூஜாவும் இந்த டம்ளர் டபராவும். ஓசூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் காப்பி கிளப் வைத்திருப்பவராம். கன்னடப் பக்கம் தன் ஊருக்குப் போய் உடம்பு சுகமில்லாமல் கிடந்துவிட்டு இப்போதுதான் திரும்பினாராம். வந்த இடத்தில் ரைட்டர் போய்விட்டார், இன்று வருஷம் என்று கேள்விப்பட்டு, அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்திலும் வழக்கம்தானே. கூஜாவைத் திறந்து, டம்ளரில் நுரை வர ஆற்றி ஊற்றினார். வீடு முழுக்க மணத்தது.

"ரைட்டர் சாமிக்கு இது இல்லாம ஆகாதும்மா. சந்தை நாளு வந்தா மொதல்ல நம்ம கடைதான். பாலு ஜாஸ்தி, சக்கரை கம்மி. தும்ப ஒள்ளே மனுஷரு, ரொம்ப நல்லவரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேறு யாரோ ஆளாக இருக்கும், பெரியவர் வீடு மாறி வந்துவிட்டார் என்றார் உங்கள் அண்ணன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், கிளப்புக்காரருக்கு எதுவும் புரியவில்லை. பண்ணை ரைட்டர்தானே, கை நிறையத் தேங்காய்ப் பை வைத்திருப்பாரே, பின்பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்காருவாரே என்று அடையாளம் சொல்லிக்கொண்டே போனார். பிறகு என் பக்கம் திரும்பி, "போகும்போது கிராம்பு கேப்பாரும்மா. நானே எடுத்து வெச்சிருப்பேன்" என்றார்.

கிராம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பல் கூச்சம். தெளிந்த முகம். செருப்புச் சத்தம் கேட்காத நாள். நான் நகம் வெடிக்கப் பிதுக்கிய பருப்புக்கும் உங்கள் சிரிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பால் காப்பி குடித்துவிட்டு வந்த மனுஷன் சிரிக்கிறான், அதைப் பார்த்து ஒருத்தி குழம்பு வைக்கிறாள். பால் காப்பி கிடைக்காத நாளில் மூஞ்சியைத் தூக்குகிறான், அதற்கும் ஒருத்தி ரசம் வைக்கிறாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும் என்பார்கள். நீங்கள் சுவரைப் பார்த்துக் குடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு பக்கம் உங்கள் பேரைச் சொல்லிச் சிரிக்கக் காத்திருக்கிற பண்ணை ஆட்கள். இன்னொரு பக்கம் அவமானத்தில் தலைகுனிந்த உங்கள் அண்ணன். என் கையில் நெய்க்கரண்டி. அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. இந்த நெய்யை இலையில் ஊற்றினால் அது உங்களுக்குத் தண்டனை இல்லை, விருந்து.

கரண்டி நெய்யைத் தூக்கிலேயே திருப்பி ஊற்றி மூடினேன். நேராகப் போய்க் கிளப்புக்காரர் கையிலிருந்து டம்ளரை வாங்கினேன். "அவருக்கு இல்லீங்க பெரியவரே. இது எனக்கு" என்றேன்.

படையல் கும்பிடும்வரைக்கும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதவள், தாலியறுத்தவள், ஊர்க்கூட்டத்தின் நடுவில் நின்று கிளப்புக் காப்பியைக் குடித்தேன். அக்கா வாயில் துணியை வைத்துக்கொண்டாள். யாரோ முனகினார்கள். நான் கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தேன். நன்றாக இருந்தது. பால் ஜாஸ்திதான். குடித்துவிட்டுத்தான் கற்பூரத்தைக் கொளுத்தினேன்.

கூட்டம் கலைந்தபிறகு உங்கள் அண்ணன் கண்கலங்கி, தம்பி மானத்தைக் காப்பாற்றிவிட்டாயம்மா, இனி ஊர் காப்பி குடித்த உன்னைத்தான் பேசும், பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்றார். அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். உங்கள் மானத்துக்காக நான் அதைக் குடிக்கவில்லை. அதில் ஒரு வாய்கூட உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உங்கள் இலையில் நேற்று ஒரு சொட்டு நெய் விழவில்லை, ஒரு துளி பால் விழவில்லை. ஊருக்குச் சொன்ன விரதத்தை உங்களை ஒருநாளாவது முழுசாக இருக்கவைத்தேன்.

நீங்கள் காப்பி குடித்தது எனக்குப் பெரிசில்லை. நாக்கு கேட்டிருக்கும், குடித்திருக்கிறீர்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, என்னால் முடியவில்லை, கொஞ்சம் பால் வாங்கு என்று என் காதோடு சொல்லியிருந்தால் ஊரைக் கூட்டியா சிரித்திருப்பேன்? கதவைச் சாத்திவிட்டு இரண்டு டம்ளராகப் போட்டுக் கொண்டுவந்திருப்பேன். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்திருப்பேன். உங்கள் தோல்வியைக்கூட என்னோடு பங்குபோட்டுக்கொள்ள உங்களுக்கு மனசில்லை. என் அம்மாவை வாசலில் நிறுத்திய வாரமும் நீங்கள் சந்தைக்குப் போய்த்தான் வந்தீர்கள். அன்றைக்கும் கிராம்பு மணத்தது. இதை நான் மன்னிக்கமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று யாராவது வந்து சொன்னால் நம்பாதீர்கள்.

ஜவளகிரியில் கொல்லைப் பக்கம் நின்று அழுதீர்களே, அது பொய்யா என்று இன்று காலையிலிருந்து யோசிக்கிறேன். பொய்யில்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன். அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருக்காது, ஏமாற்றுக்காரன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன்.

சற்று முன்னால் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவிடம் போய்ப் பாலும் ஒரு கரண்டி உறைமோரும் வாங்கிவந்தேன். ஆச்சரியப்பட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் ஒன்று கேட்டேன். கன்று குடித்ததா, அதற்கு மிச்சம் விட்டீர்களா என்று கேட்டேன். வயிறு நிறையக் குடித்துவிட்டுத் துள்ளுகிறது, வேண்டுமானால் போய்ப் பார் என்றாள். போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை நீட்டினேன். இந்தப் பழக்கம் உங்களிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது. உங்களிடம் நிற்காதது என்னிடம் நின்றுவிட்டது. இதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று தெரியவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

பாலைக் காய்ச்சி, உறை ஊற்றிவிட்டேன். மார்கழிக் குளிரில் சீக்கிரம் உறையாது, அதனால் சட்டியை அடுப்போரம் சாம்பல் சூட்டில் வைத்திருக்கிறேன். மகள் நிமிஷத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்க்கிறாள். படையலுக்குப் பிதுக்கிய பருப்பில் கொஞ்சம் மீந்திருக்கிறது, அதையும் குழம்பு வைப்பேன். அது எனக்குப் பிடிக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டரிடம் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நாளைக்கு வா, சட்டியெல்லாம் தூக்கிக்கொண்டு வராதே, வெறுங்கையோடு உள்ளே வா, தயிர் இங்கேயே இருக்கிறது என்று.